பசை தடவிய பக்கங்கள்

அந்தப் பக்கத்தைப் பிரிக்க முடியாது மேடம். வீணாக இழுக்காதீர்கள், எழுத்தும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். ஆவியில் காட்டினாலும் வராது. நான் ஒட்டியது, எனக்குத் தெரியாதா?

அந்த ஸ்டூலில் உட்காருங்கள். அதில் இருப்பது பழைய பசை, காய்ந்துவிட்டது, சேலையில் ஒட்டாது. பைண்டிங் கடை அண்ணாச்சி சாத்தூருக்கு பேப்பர் எடுக்கப் போயிருக்கிறார், வர நேரம் ஆகும். நான் மடித்துக்கொண்டே பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், நோட்டு ஆர்டர் குவிந்து கிடக்கிறது.

லைப்ரரியில் ஒரு பெண் பிளேடு வைத்து இந்தப் பக்கத்தைக் கீறிக்கொண்டிருந்தாள் என்கிறீர்கள். ரெட்டைச் சடையா? மூக்குக்குப் பக்கத்தில் அம்மைத் தழும்பு? அப்படியென்றால் யாழினிதான். அரிசிக்கடை சங்கரலிங்கம் மகள். திட்டினீர்களா? திட்டாதீர்கள் மேடம். நாளைக்குக் காலையில் அவள் கோவில்பட்டிக்குப் போகிறாள். இனிமேல் மாமன் வீட்டில் இருந்துதான் படிப்பு. உங்கள் லைப்ரரிப் பக்கமே வரமாட்டாள். போகிற அன்றைக்கு முந்தின நாள் வந்து கீறியிருக்கிறாள் பாருங்கள். பைத்தியம்.

எனக்கு அவள்மேல் கோபம் கிடையாது. அவள் அப்பன்மேல்தான் கோபம். அந்த ஆள் சொன்ன ஒரு வார்த்தை. நீங்கள் இப்போதுதான் மாற்றலாகி வந்திருக்கிறீர்கள், உங்களுக்கு எதுவும் தெரியாது. உங்களுக்கு முன்னால் இருந்த ஞானசிகாமணி சாருக்கு எல்லாம் தெரியும். தெரிந்து என்ன செய்தார்? ஃபேனைப் பார்த்தார். அதைச் சொல்கிறேன்.

இந்தப் பச்சை அட்டைப் புத்தகத்தைச் சின்னப் பிள்ளைகள் அலமாரியில் வைத்தது சார்தான். பெண் பிள்ளைகளுக்காக ஒரு டாக்டரம்மா எழுதியது. அட்டையில் பை மாட்டிக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள், பார்த்தால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும். யாழினி அதை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு தடவை இல்லை, திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி மறுபடி அதையே எடுத்திருக்கிறாள். வீட்டில் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்து வாசித்திருக்கிறாள். சங்கரலிங்கம் மூட்டையை நகர்த்தினார், புத்தகம் விழுந்தது. விழுந்த புத்தகம் ஒழுங்காக மூடியா விழும்? படம் போட்ட பக்கமாகத் திறந்துகொண்டு விழுந்தது. அதோடு விடாமல் மற்ற பக்கங்களையும் புரட்டியிருக்கிறார்.

செத்த எலியைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து பக்கத்து லைப்ரரிக்கு வந்தார். நான் இந்த வாசலில் நின்று பார்த்தேன். "லைப்ரரியா வே இது? வேற எதுவுமா?" என்று சத்தம். "மாமன் முறையைப் பத்தி என்ன எழுதியிருக்கான் பாரும்! என் வாயால வாசிக்க மாட்டேன். நீரே வாசியும்!" சார் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசிவரை வாசிக்கவில்லை.

அந்த வாரமே வாசகர் வட்டக் கூட்டம் போட்டார்கள். வாசகர் வட்டம் என்றால் யார் என்கிறீர்கள்? நூலக வார விழாவுக்கு வந்து வடை சாப்பிடுகிற ஆட்கள்தான். தலைவர் வைகுண்டம் சார், ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டர். அன்றைக்கு அப்பா அம்மாமார் எல்லாம் வந்துவிட்டார்கள். அந்தக் கட்டடத்தில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. என் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடிந்து வந்த கையோடு என்னையும் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தாள். வாசலில் நின்றோம்.

"எரிச்சிருவோம்" என்றார் ஒருத்தர்.

"ஐயா, இது கவர்மென்ட் சொத்து" என்றார் ஞானசிகாமணி சார். "ஒவ்வொண்ணுக்கும் நம்பர் இருக்கு. தணிக்கைக்கு வருவாங்க. எரிச்சா கேஸ் ஆயிரும், என் வேலை போயிரும்."

"அப்ப உம்ம வேலைக்காக எங்க பிள்ளைங்க கெட்டுப்போகணுமா வே?"

வைகுண்டம் சார் கையைத் தூக்கினார். "புத்தகம் இருக்கணும், அசிங்கம் இருக்கக் கூடாது. அவ்வளவுதானே? அந்தந்தப் பக்கத்தை ஒட்டிருவோம். எண்ணிக்கைக்குப் புத்தகம் இருக்கும்." எல்லாரும் கை தட்டினார்கள். பச்சைப் புத்தகம் மட்டும் எதற்கு, லைப்ரரி முழுக்க அலசிவிடலாம் என்றார்கள். அதற்கும் கை தட்டினார்கள்.

அப்புறம்தான் ஒரு பெண் கேட்டாள், டெய்லர் வேலை செய்கிற சுப்புத்தாய்: "எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்? யாராவது வாசிக்கணும்லா?"

வைகுண்டம் சார் தன் வீட்டம்மாவைப் பார்த்தார். அந்தம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆம்பளை வாசித்தால் அசிங்கம், குடும்பத்துப் பொம்பளை வாசித்தால் அதைவிட அசிங்கம், பிள்ளைகள் வாசிக்கக் கூடாது என்றுதான் கூட்டமே. நான் சிரித்துவிட்டேன். சிரிக்காமல் இருந்திருக்கலாம். சங்கரலிங்கம் திரும்பிப் பார்த்தார்.

"அந்தா நிக்காள்ல, பைண்டிங் செட்டுக் கோமதி. ஒட்டுறதும் அவ தொழில். அவளே வாசிச்சு ஒட்டட்டும்" என்றார். சரிதானே, அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவளுக்கு இனிமே கெடுறதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

அந்த வார்த்தைதான். அவ்வளவு பேர் முன்னால். இனிமே கெடுறதுக்கு என்ன இருக்கு.

நான் என்ன செய்துவிட்டேன் மேடம்? போன வருஷம் பத்தாவது பாஸ். நல்ல மார்க். பதினொன்றாவதுக்குப் போகவில்லை, பிடிக்கவில்லை, நின்றுவிட்டேன். அதற்கு இந்த ஊர், நான் லாரி கிளீனர் எவனோடோ சுற்றியதாகக் கதை கட்டியது. லாரியில் நான் ஏறியதே கிடையாது. எனக்கு பஸ்ஸிலேயே வாந்தி வரும்.

யாராவது ஒருத்தர், "அப்படிச் சொல்லாதீரும்" என்று சொல்வார்கள் என்று பார்த்தேன். சார் சொல்வார் என்று பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்தார். ஃபேன் ஓடக்கூட இல்லை, கரன்ட் இல்லை அன்றைக்கு. என் அம்மா பக்கத்தில்தான் நின்றாள். "செஞ்சு குடுட்டி, பெரியவங்க சொல்றாங்கல்லா" என்றாள்.

செய்தேன். அவர்களே மூக்கில் விரல் வைக்கிற மாதிரி செய்து காட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் செய்தேன்.

சார் ஒரு மூலையில் மேஜை போட்டுக்கொடுத்தார். நான் வாசித்து, அசிங்கம் வந்த பக்கத்தில் அடையாளத்துக்குத் தையல் நூல் ஒன்றை வைப்பேன். அடடா, அப்புறம் பார்க்க வேண்டும் மேடம் அந்த லைப்ரரியை! ஒரு நாளும் வராத பெரியவர்கள் எல்லாம் காலையிலேயே வந்துவிடுவார்கள். "சரியாத்தான் வச்சிருக்காளான்னு சரிபார்க்கணும்லா?" என்பார்கள். நூல் வைத்த பக்கத்தை மட்டும் சரிபார்ப்பார்கள். ஒரு தடவை சரிபார்த்ததை இன்னொரு தடவையும் சரிபார்ப்பார்கள். "நாளைக்கு ஒட்டலாம்மா, இன்னைக்கு இருக்கட்டும்" என்பார்கள்.

கறவை மாடு வளர்ப்புப் புத்தகத்தில் சினைக்கு விடுகிற பாடத்தை ஒட்டச் சொன்னார்கள். படம் இருந்ததாம். ஒட்டினேன். பால்காரர் மாடசாமி வந்து, "ஏட்டி, சினைக்கு விடாம மாடு எப்படிட்டி பால் குடுக்கும், நீயா கறப்ப?" என்று கத்திவிட்டுப் போனார். அதுகூடப் பரவாயில்லை. பழைய பாட்டுப் புத்தகம் ஒன்று. அதில் பாட்டுக்குப் பாட்டு மார்பு, கொங்கை என்று வருகிறது. நான் மொத்தத்தையும் செங்கல் மாதிரி ஒட்டிவிட்டேன். வைகுண்டம் சார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "அடிப் பாவி, அது பக்திப் பாட்டுட்டி! சாமியை நெனச்சுப் பாடினது!"

"சாமியை நெனச்சா சரியா சார்?" என்று கேட்டேன்.

"வாய் கூடிப்போச்சு உனக்கு" என்றார்.

இந்தப் பச்சைப் புத்தகத்தைக் கடைசியில்தான் எடுத்தேன். இதுதான் வழக்குக்கே காரணமான புத்தகம், சங்கரலிங்கம் வந்து பார்ப்பார், அதனால் நன்றாகச் செய்ய வேண்டும் என்று வைத்திருந்தேன். படங்கள் ஒன்றும் பெரிதாக இல்லை மேடம். வயிற்றுக்குள் இருப்பதை வரைந்திருக்கிறது. பத்தாவது புத்தகத்திலும் இருக்கும். டீச்சர், வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று தாண்டிவிடுவார்களே, அதே படம்தான். அதை ஒட்டினேன்.

கடைசிக்கு முந்தின பக்கம்தான் இது, நீங்கள் கையில் வைத்திருக்கிறது. இதில் படமே கிடையாது. யாராவது தொட்டால் என்ன செய்வது என்று எழுதியிருந்தது. எழுதட்டும், கெட்டவன் தொட்டால் கத்து என்று எழுதட்டும். மாமன், அத்தான் என்று முறை சொல்லிக்கொண்டு வந்தாலும் தப்பு தப்புதான் என்று எழுதியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த டாக்டரம்மா பட்டணத்து ஆள், முறை தெரியாது. மாமன் என்றால் கிள்ளத்தான் செய்வான். அவன்தானே கட்டிக்கொள்கிற முறை? சடங்குக்கு அவன்தானே சீர் கொண்டுவர வேண்டும்? என் சின்ன மாமனும் அப்படித்தான். பத்தாவது லீவுக்கு அவன் வீட்டில்தான் இருந்தேன். அம்மாவிடம் சொன்னதற்கு, "முறைக்காரன் வெளாடுவான், இதெல்லாமா சொல்லுவாக" என்றாள். அவ்வளவுதான், முடிந்தது. இதையெல்லாம் தப்பு என்று புத்தகத்தில் போட்டால் எந்தக் குடும்பம் உருப்படும்?

மற்ற பக்கங்களுக்கு ஓரத்தில் மட்டும் பசை வைத்தேன். ஓரத்தில் வைத்தால் பிளேடு விட்டுப் பிரித்துவிடலாம், அப்புறமாய் யாராவது பெரியவர்கள் சரிபார்க்க வேண்டுமென்றால் ஆகும் இல்லையா? இந்தப் பக்கத்துக்கு மட்டும் முழுக்கத் தடவினேன். மைதாவைக் கெட்டியாகக் காய்ச்சி, மயில்துத்தம் போட்டு, பூச்சிகூட அரிக்காத பசை. இரண்டு கை தடவி, மேலே கல்லை ஏற்றிவைத்தேன். ஏன் இதற்கு மட்டும் அப்படி என்று கேட்காதீர்கள். கை அப்படிப் போனது.

சங்கரலிங்கம் வந்து நகத்தால் நெருடிப் பார்த்தார். வரவில்லை. "வேலைக்காரிதான்ட்டி நீ" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம் யாழினி இங்கே வந்தாள். அந்த மூலையில், பேப்பர் கட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். யூனிஃபார்மோடு.

"யக்கா."

"என்னட்டி?"

"அந்தப் பச்சை புக்குல ஒரு பக்கம் மட்டும் பிரிச்சுத் தருவீங்களா? கடைசிக்கு முந்தின பக்கம். நம்பர் போட்டிருக்கும்லா."

"நம்பர் உனக்கு எதுக்கு?"

"ஸ்கூல்ல கேட்டாங்க."

"ஏழாங்கிளாஸ்ல அதையா கேக்காங்க? கதை விடாத."

அவள் நகத்தைக் கடித்தாள். "நீங்க வாசிச்சீங்கல்லா யக்கா. வாயாலயாச்சும் சொல்லுங்க. எனக்குப் பாதி மறந்துபோச்சு."

எனக்கு அவள் அப்பன் முகம்தான் கண்ணில் வந்தது. "உங்கப்பன்கிட்டப் போய்க் கேளு" என்றேன். "ஊருக்கே எது நல்லது, எது கெட்டதுன்னு சொல்லுத பெரிய மனுசன் வீட்டுலயே இருக்காருல்லா." அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அப்புறம் போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னமோ. அழாதவளுக்கு என்ன அவசரம் இருக்கப்போகிறது?

சித்திரையில் பெரிய மனுஷியானாள். சடங்கு ஜாம்ஜாம் என்று நடந்தது, பந்தல், மேளம், ரோடு முழுக்க ஃபிளெக்ஸ். மாமன் பெயர் மகாராஜன், கோவில்பட்டியில் மெடிக்கல் வைத்திருக்கிறான், முப்பது வயசு இருக்கும். தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்தான், கொலுசு, பட்டு, சைக்கிள்கூட. நானும் அம்மாவும் போயிருந்தோம். மாமன் மாலை போடுகிற முறை இருக்கிறதே, அதற்கு அவளை மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். அவன் மாலையைப் போட்டுவிட்டு, நெற்றியில் குங்குமம் வைக்கக் கையைக் கொண்டுபோனான். அவள் அந்தக் கையைக் கடித்துவிட்டாள்.

விளையாட்டுக் கடி இல்லை மேடம். ரத்தம் வந்தது. விடவே இல்லை, இரண்டு பொம்பளைகள் சேர்ந்துதான் பிரித்தார்கள்.

பந்தல் மொத்தமும் சிரித்தது. "மாமன்மேல ஆசை பாரு, இப்பவே கடிச்சுத் திங்கா!" என்று மைக்கில் ஒருத்தன் சொன்னான். மகாராஜனும் சிரித்தான், கையைக் கர்ச்சீப்பில் சுற்றிக்கொண்டு. யாழினியின் அம்மா மட்டும் அவள் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். அப்புறம் எல்லாரும் சாப்பிடப் போனோம். நானும் சிரித்தேன். எல்லாரும் சிரிக்கும்போது நாம் மட்டும் எப்படிச் சும்மா இருப்பது? ஆனால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாயசத்தில் ஏலக்காய் அதிகம், அதனால் இருக்கும்.

அந்தச் சடங்கு வீட்டில்தான் பேசி முடித்தார்கள். கோவில்பட்டியில் நல்ல ஸ்கூல், மாமன் ஃபீஸ் கட்டுகிறேன் என்கிறான். அவன் அம்மாவும் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், கூடமாட ஒரு ஆள் ஆச்சு. பதினெட்டு ஆனதும் அவனுக்கே கட்டிக்கொடுத்துவிடலாம். ஊரே மெச்சியது. சங்கரலிங்கம் கொடுத்துவைத்தவர் என்று. இங்கே இருந்தால் லைப்ரரிக்குப் போய்க் கண்டதையும் படிப்பாள் என்றார்கள். அதையும் சேர்த்துத்தான் சொன்னார்கள்.

ஞானசிகாமணி சார் அதற்குள் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது என்னிடம், "நீ நல்லா வாசிக்கிறம்மா, கார்டு போட்டுக்கோ" என்றார். ஒட்டிய புத்தகத்தை வாசிக்கவா?

என்ன மேடம், ஏன் எழுந்துவிட்டீர்கள்? முகம் ஒரு மாதிரி இருக்கிறது. தண்ணீர் வேண்டுமா, அந்தக் குடத்தில் இருக்கிறது.

அந்தப் பெண்ணை யாராவது கேட்டார்களா என்றா? என்ன கேட்பது? கேட்க என்ன இருக்கிறது, மாமன்தானே.

சரி. சரி மேடம், கத்தாதீர்கள். பிரிக்கத்தான் முடியாது, என்ன எழுதியிருந்தது என்று சொல்லத் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள். பேனா இருக்கிறதா? இந்தாருங்கள், அட்டையில் எழுதுங்கள், கழிவு அட்டைதான்.

"நீ எந்தத் தப்பும் செய்யவில்லை." அதுதான் முதல் வரி. கொட்டை எழுத்தில் இருக்கும். அப்புறம், "உன்னைத் தொட்டவர் உன் வீட்டுக்கு வேண்டியவராக இருக்கலாம். உனக்குப் பரிசு வாங்கித் தருகிறவராக இருக்கலாம். மாமா, அத்தான் என்று முறை சொல்லிக்கொண்டு வருகிறவராக இருக்கலாம். உனக்குப் பிடிக்காமல் உன்னைத் தொட யாருக்கும் உரிமை இல்லை. விளையாட்டு என்றால் இரண்டு பேரும் சிரிக்க வேண்டும்." எழுதிவிட்டீர்களா? "நீ நம்புகிற பெரியவர் ஒருவரிடம் சொல். அவர் நம்பவில்லையென்றால் இன்னொருவரிடம் சொல். நம்புகிறவர் கிடைக்கும்வரை சொல். யாருமே இல்லையென்றால் இந்த எண்ணுக்குப் பேசு." ஒன்று, பூஜ்யம், ஒன்பது, எட்டு. காசு கிடையாது. எந்த நேரமும் எடுப்பார்களாம்.

மனப்பாடம் எல்லாம் பண்ணவில்லை மேடம். ஒரு தடவைதான் வாசித்தேன். சும்மா மனசில் நின்றுவிட்டது.

அவளிடமே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறீர்களா? யாழினி வீடு அரிசிக்கடைக்குப் பின்னால். கடை வழியாகப் போகாதீர்கள், இந்நேரம் சங்கரலிங்கம் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். பிள்ளையார் கோயில் சந்து வழியாகப் போனால் பின்வாசல். அவள் அம்மா தூங்குகிற நேரம் இது. நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள். இல்லை, சொல்லுங்கள். கோமதியக்கா சொல்லி அனுப்பினாள் என்று சொல்லுங்கள்.

மேடம், ஒரு நிமிஷம்.

கடைசி வரி ஒன்றை விட்டுவிட்டேன். "எவ்வளவு நாள் ஆகியிருந்தாலும் சொல்லலாம்" என்று போட்டிருந்தது. அது இவளை மாதிரி சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்தானா? பதினேழு வயசு ஆனவர்கள் பேசினாலும் அந்தப் போனை எடுப்பார்களா?